சாம்பல் நிற உருண்டை

அந்தப் படத்தில் தனுஷாவின் கண்ணில் முதலில் பட்டது பூச்சி அல்ல, அதன் வாயில் இருந்த உருண்டை.

காய்ந்த கிளையொன்றின் மேல் பூச்சி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தது. கறுத்த உடல். வயிற்றின் முன்பாதியில் மட்டும் அகலமாக ஒரு மஞ்சள் பட்டை. இடுப்பை ஓர் இலை மறைத்திருந்தது. தலையைச் சற்றுத் திருப்பியிருந்ததால் தாடைகளுக்கு நடுவே மிளகளவு உருண்டை தெரிந்தது. சாம்பல் நிறம்.

படத்தை ஏற்றியிருந்தவர் சரத்குமார். கள்ளக்குறிச்சியில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர், ஞாயிற்றுக்கிழமையானால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்வராயன் மலைக்குப் போய்விடுவார். அவரைப் போன்றவர்கள் எடுக்கும் படங்களுக்காகவே ‘பூச்சிப்பதிவு’ என்றொரு இணையதளம் இருந்தது. யாரும் படம் போடலாம். தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். ஒருவர் சொன்ன பெயரை இன்னொருவர் ஒப்புக்கொண்டுவிட்டால் படத்தின் கீழே மஞ்சளாக இருக்கும் பட்டை பச்சையாக மாறும். ‘உறுதி செய்யப்பட்டது’ என்று அதில் எழுத்து விழும். இரண்டு பேர் போதும்.

தனுஷா விலங்கியல் படித்தவள். ஊர் நைனார்பாளையம். வேலை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு இ-சேவை மையத்தில். சாதிச் சான்றிதழுக்கும் வருமானச் சான்றிதழுக்கும் வருகிறவர்கள் ஓய்ந்த நேரத்தில் தளத்தைத் திறந்து வைத்துக்கொள்வாள். அங்கே அவள் பெயர் ஊசித்தட்டான். முகப்படம் கிடையாது. மூவாயிரம் படங்களுக்கு மேல் பெயர் சொல்லியிருந்தாள். ஊசித்தட்டான் ஆணா பெண்ணா என்று யாருக்கும் தெரியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

சரத்குமாரின் படத்துக்கு அவள் பார்க்கும் முன்பே ஒரு பெயர் வந்துவிட்டது. சொன்னவர் சுப்புராயன். கடலூரில் ஓய்வு பெற்ற பேராசிரியர், நாற்பதாயிரம் படம் பார்த்தவர், தளத்தில் எல்லோருக்கும் சார். ‘குயவக் குளவி. வாயில் மண் உருண்டை. சின்னப் பானை போலக் கூடு கட்டும். தனியாக வாழும். தீங்கற்றது’ என்று எழுதியிருந்தார்.

தனுஷா படத்தைப் பெரிதாக்கினாள். கல்வராயன் மலையில் மண் சிவப்பு. படத்தின் கீழ் ஓரத்திலேயே ஒரு துண்டுத் தரை செங்கல் பொடி மாதிரி தெரிந்தது. வாயில் இருப்பது மண் என்றால் அது ஏன் சாம்பல் நிறத்தில் இருக்கிறது? காய்ந்த மரத்தைச் சுரண்டினால் அல்லவா அந்த நிறம் வரும். மரத்தைச் சுரண்டி மென்று கூடு கட்டுவது குயவக் குளவி இல்லை. கூட்டமாக வாழ்ந்து கூட்டமாகக் கொட்டும் கதண்டு.

‘சார், அங்கே மண் சிவப்பு...’ என்று தட்டினாள். சாருக்குத் தெரியாதா? குயவக் குளவியின் அடையாளமான நூலிடுப்பு இருக்கிறதா என்றும் படத்தில் தெரியவில்லை. நான்கு பேர் பார்க்கிற இடத்தில் சாரை மறுத்து எழுதுவதை நினைத்ததும் காது சூடானது. தட்டியதை அழித்தாள். பிறகு ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்பதை அழுத்தினாள்.

பட்டை பச்சையானது. ‘சாருக்கும் ஊசித்தட்டானுக்கும் நன்றி’ என்று சரத்குமார் கும்பிடும் கைகளைப் போட்டார்.

“இன்னாடி, மூஞ்சி செவந்து கெடக்குது? எவன்னா மெசேஜ் போட்டானா?” என்றாள் மையத்தின் உரிமையாளர் அம்சவள்ளி.

“இல்லக்கா. பூச்சி.”

“நாள் முச்சூடும் பூச்சியவே பாத்துக்கினு இரு. உங்கம்மா குடுத்த மாப்பிள்ளை போட்டோ ஒரு வாரமா மேசை மேல கெடக்குது. அவனுக்கும் ரெண்டு ரெக்கை வரைஞ்சி குடுத்தாதான் பாப்ப போல.”

அது ஆவணி மாதம்.

படம் எடுக்கிறவர்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. நல்ல இடம் கிடைத்தால் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அடுத்த வாரமே பத்துப் பேர் கேமரா முக்காலியோடு வந்து நிற்பார்கள். தளத்தில் இடத்தை மறைக்க ஒரு வசதி இருந்தது. சரத்குமார் அதைப் போட்டிருந்தார். வரைபடத்தில் கல்வராயன் மலை முழுவதும் ஒரு பெரிய சதுரமாகத் தெரியும், அவ்வளவுதான். அடுத்த படத்துக்குக் கீழே மட்டும் ஒரு வரி எழுதியிருந்தார்: ‘இந்தப் பாதையில் ஆள் நடமாட்டமே இல்லை. ஆடு மாடுகூட வருவதில்லை. பூச்சிகளுக்கு இதைவிட என்ன வேண்டும்!’

அந்த இரண்டாவது படம் புரட்டாசியில் வந்தது. அதே காய்ந்த கிளை. இப்போது இரண்டு பூச்சிகள். கிளையின் பட்டையில் வெளுப்பாகக் கோடு கோடாகச் சுரண்டல்கள். தனியாக வாழும் குளவி இன்னொன்றைப் பக்கத்தில் விடாது. தனுஷா அந்தப் படத்தை மூன்று நாள் திரும்பத் திரும்பத் திறந்தாள். பழைய பட்டை பச்சையாகவே இருந்தது. அதில் பாதிப் பச்சை அவளுடையது. பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிவிட்டாள்.

ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மதியம் மூன்றாவது படம் வந்தது. அதே பாதையில் எடுத்த வண்ணத்துப்பூச்சிப் படம். உண்ணிப்பூவில் நீலமும் கறுப்புமாக ஒன்று உட்கார்ந்திருந்தது. கீழே அறிவிப்பு: ‘நாளை ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கரியாலூரில் பூச்சி நடை. எங்கள் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் வருகிறார்கள். குயவக் குளவி பானை செய்வதை நேரில் காட்டப் போகிறேன். நான் இன்றே மேலே போகிறேன்.’

தனுஷா வண்ணத்துப்பூச்சியைப் பார்க்கவில்லை. அதன் பின்னால் மங்கலாக ஒரு பழைய சிமெண்டுத் தொட்டி, தூண்கள் மேல் நின்றது. அதற்கு ஏற ஒரு இரும்பு ஏணி. ஏணியை ஒட்டிய கிளையில் காற்றடித்துச் சாக்கு ஒன்று மாட்டிக்கொண்டதுபோல் ஏதோ தொங்கியது. பெரிதாக்கினாள். சாக்கில் அலை அலையாக வரி ஓடியது. சாம்பல், பழுப்பு, மறுபடி சாம்பல். ஏணியின் இரண்டு படி உயரம் இருந்தது.

அது சாக்கு இல்லை, கதண்டுக் கூடு.

போன வருடம் நைனார்பாளையத்தில் பனைமரத்துக் கதண்டு கலைந்தது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஏரிக்கரை வரை ஓடிப் பார்த்தார். ஏரியில் தண்ணீர் இல்லை. அவரைக் கட்டிலில் தூக்கி வந்தபோது முகம் எது, கழுத்து எது என்று தெரியவில்லை. அவர் சட்டைக்குள்ளிருந்து இன்னும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

தனுஷா தன் ஒப்புதலை விலக்கினாள். பட்டை மஞ்சளானது. ‘இது குயவக் குளவி இல்லை, கதண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள்’ என்று எழுதினாள். அறிவிப்பில் இருந்த எண்ணுக்கு அழைத்தாள். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. வாட்ஸ்அப்பில் அனுப்பியது ஒற்றை டிக்கோடு நின்றது. சுப்புராயனுக்கு எழுதினாள். அவர் அரைமணி நேரத்தில் பதில் போட்டார்: ‘முதல் படத்தில் மண் உருண்டை தெளிவாக இருக்கிறது. சந்தேகம் வேண்டாம், நண்பரே.’ அங்கே மண் சிவப்பு சார் என்று இப்போது எழுதினாள். அதற்குப் பதில் வரவில்லை.

“ஃபயர் சர்வீஸுக்கு அடி” என்றாள் அம்சவள்ளி. அடித்தும் கொடுத்தாள்.

“எந்த எடம்மா?” என்று கேட்டார் எடுத்தவர்.

“கரியாலூர் பக்கம்ங்க.”

“பக்கம்னா? எந்தத் தெரு, எந்தக் காடு? மலை பெருசாச்சேம்மா. நீ பாத்தியா?”

“போட்டோவுல பாத்தேங்க.”

“எடம் தெரிஞ்சதும் கூப்புடு. வண்டி அனுப்பறோம்.”

மறுநாள் முதல் பஸ்ஸில் கிளம்பினாள். கள்ளக்குறிச்சியில் மலை பஸ்ஸுக்கு அரைமணி நேரம் நின்றாள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறும் இடத்தில் இரவு மழைக்கு மண் சரிந்து கிடந்தது. அதை வாரி ஒதுக்கும் வரை பஸ் நின்றது. மண் ரத்தச் சிவப்பாக இருந்தது. சாலையோரப் பள்ளத்தில் நிஜக் குயவக் குளவி ஒன்று சேற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்த உருண்டையும் சிவப்பு. தனுஷா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கரியாலூரில் இறங்கியபோது மணி ஒன்பதே முக்கால். ஒரு வேன் டீக்கடை முன்னால் நின்றது. டிரைவர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். டீக்கடையில் வெள்ளச்சி என்ற மலைக்காரப் பெண் வடைக்கு மாவு தட்டிக்கொண்டிருந்தாள்.

“கேமராக்காரரா? பசங்கள இட்டுக்கினு அருவிக்குப் போறேன்னு போனாரே” என்றாள்.

தனுஷா ஃபோனை நீட்டினாள். வெள்ளச்சி மாவுக் கையோடு குனிந்து பார்த்தாள். தட்டின வடையை எண்ணெயில் போடவில்லை.

“இது பழைய தொட்டியாச்சே. அங்க எதுக்கும்மா போனாரு? ஆடியிலருந்து நாங்க யாரும் அந்த வழி போறதில்ல. எங்க மச்சான் ஆடு ரெண்டு அங்கதான் செத்துச்சி. கதண்டு கட்டிக்கினு கீது.”

“அவருகிட்ட யாரும் சொல்லலீங்களா?”

“அருவின்னு சொன்னாரு. அருவிக்கு வழி இந்தாண்ட. தொட்டிக்குப் போறன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா வுட்டிருப்பனா?” அடுப்பை அணைத்துவிட்டு உள்ளே போய் ஒரு கம்பளியை எடுத்துத் தோளில் போட்டாள். “தலையில பூ கீது பாரு, எடுத்துக் கெடாசு. வாசனைக்கு வரும். எந்திரிச்சி வா.”

நடக்கும்போதே தனுஷா தீயணைப்புக்கு அடித்து, கரியாலூர்ப் பழைய தொட்டி என்றாள். பாதியில் டவர் போய்விட்டது. கேட்டதோ இல்லையோ.

ஒற்றையடிப் பாதையில் புல் முழங்கால் வரை வளர்ந்திருந்தது. சாணம் இல்லை. ஆட்டுப் புழுக்கை இல்லை. பறவைச் சத்தம்கூடக் கம்மி. நடுவில் புதிதாக ஒரு சிப்ஸ் பாக்கெட் கிடந்தது.

“சத்தம் போட்டுக் கூப்புடலாங்களா?” என்று தனுஷா கேட்டாள்.

“கூப்புட்டா புள்ளைங்க ஓடியாரும். ஓடுனா செடி ஆடும். செடி ஆடுனா அது கெளம்பும். கம்முனு வா.”

தொட்டி தெரிந்தது. பிள்ளைகள் அரைவட்டமாக நின்று ஃபோனைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். சரத்குமார் நடுவில், கழுத்தில் கனத்த கேமரா, கையில் ஒரு நீளக் குச்சி. காய்ந்த கிளையைக் குச்சியால் காட்டிக்கொண்டிருந்தார். பூச்சிகள் அவர் சொல்லச் சொல்ல வந்து போயின. ஏணியின் மூன்றாவது படியில் ஒரு சிறுமி ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் தலைக்கு மேல், கை நீட்டினால் தொடும் உயரத்தில், இலைகளுக்குள் அந்தச் சாக்கு இருந்தது. அதன் ஓட்டையில் மஞ்சளும் கறுப்புமாகத் தலைகள் தெரிந்தன. நான்கைந்து. அவை எல்லாம் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

தனுஷா அவர் பக்கத்தில் போய் நின்றாள். “சார்... அது கதண்டு. புள்ளைங்கள அனுப்பிடுங்க.”

“யாரும்மா நீ?” அவர் சிரித்தார். நல்ல மனிதரின் சிரிப்பு. “கதண்டுன்னு நானும் மொதல்ல பயந்தவன்தான். இது சாது. பானை செய்யற குளவி.” ஃபோனை எடுத்துத் திறந்து அவள் கையிலேயே கொடுத்தார். “பாரு, பச்சை. ரெண்டு பேரு உறுதி பண்ணியிருக்காங்க. ஒருத்தரு சுப்புராயன் சாரு. இன்னொருத்தரு ஊசித்தட்டான். அந்தாளு தப்பே பண்ண மாட்டாரு.”

நேற்று மதியத்துக்குப் பிறகு அந்த ஃபோனுக்கு எதுவும் வந்து சேரவில்லை. பட்டை பச்சையாகவே இருந்தது.

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். தனுஷாவுக்குக் காது சூடானது.

“அந்த ஊசித்தட்டான் நான்தாங்க.”

“நீயா?”

“எனக்கு அன்னிக்கே தெரியும் சார். உருண்டை சாம்பல் கலரு. மண்ணு செவப்பு. சாரு சொன்னதை மறுத்துச் சொல்லக் கூச்சமா இருந்துச்சி. தெரிஞ்சேதான் அழுத்துனேன்.”

சரத்குமார் அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. “அப்ப கூடு?” என்றார் மெதுவாக. “இவ்வளோ நாளா தேடறேன், பானை ஒண்ணுகூட கெடைக்கல.”

“அந்தப் பொண்ணு தலைக்கு மேல பாருங்க. கைய நீட்டாதீங்க.”

அவர் பார்த்தார். தான் எடுத்த படத்திலேயே இருந்த சாக்கை முதல் முறையாகப் பார்த்தார். குச்சியைப் புல்லில் ஓசையில்லாமல் கிடத்தினார்.

வெள்ளச்சி பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டுத் திருப்பி அனுப்பினாள். ஓடக் கூடாது, பேசக் கூடாது, முன்னால் போகிறவன் முதுகை மட்டும் பார் என்றாள். எட்டுப் பேர் வரிசையாகப் புல்லுக்குள் போனார்கள். சரத்குமார் ஏணியடிக்குப் போய் இரண்டு கையையும் தூக்கினார். “அபிநயா, கீழ பாக்காத, மேலயும் பாக்காத. அங்கிள் கைக்கு வா.” சிறுமி சாய்ந்தாள். அவளை வாங்கிக் குனிந்தார்.

கழுத்திலிருந்த கேமரா முன்னால் ஆடி ஏணியில் மோதியது.

சின்னச் சத்தம்தான். பித்தளைச் சொம்பைத் தரையில் வைத்த மாதிரி. ஆனால் இரும்பு அதை மேலே கொண்டுபோனது. கிளை அதிர்ந்தது. கூட்டுக்குள்ளிருந்து சட்டியில் மழை விழுவதுபோல் ஒரு சலசலப்பு கேட்டது. தனுஷா அதை ஏற்கெனவே ஒரு சட்டைக்குள்ளிருந்து கேட்டிருக்கிறாள்.

சரத்குமார் சிறுமியைத் தனுஷாவின் மேல் தள்ளினார். வெள்ளச்சி கம்பளியை இருவர் தலையிலும் போட்டு அழுத்திப் புல்லில் படுக்கவைத்தாள், தானும் உள்ளே நுழைந்துகொண்டாள். இருட்டில் சிறுமியின் மூச்சு தனுஷாவின் கழுத்தில் பட்டது. கம்பளிக்கு வெளியே ஒருவர் ஓடும் சத்தம். பிள்ளைகள் போன பக்கம் இல்லை, எதிர்ப்பக்கம், சரிவை நோக்கி. அவரோடு அந்த இரைச்சலும் போனது. கொஞ்ச நேரம் ஒரு குரல் கேட்டது. பிறகு இரைச்சல் மட்டும்.

அவரைச் சரிவில் ஓடைத் தண்ணீருக்குள் கண்டார்கள். முகத்தில் பதினொரு இடம். சட்டைக்குள் எத்தனை என்று யாரும் பார்க்கவில்லை. மலையாட்கள் நான்கு பேர் தூக்கி வந்தார்கள். கரியாலூரில் நர்ஸ் உடனே ஊசி போட்டார். “மூச்சு இழுக்குது. ஆம்புலன்ஸ் மேல ஏறி வர்ற நேரத்துல நீங்க பாதி தூரம் எறங்கிடலாம். இந்த வண்டியிலயே கீழ கொண்டு போங்க” என்றார்.

வேனின் நடு சீட்டில் அவரைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒன்பது பிள்ளைகளும் பின்னால். ஒருவரும் அழவில்லை. தனுஷா அவர் தலையைத் தோளில் தாங்கியிருந்தாள். அவர் மூச்சில் சின்ன விசில் ஒன்று வந்துபோனது. வளைவுக்கு வளைவு அது மெல்லியதாகிக்கொண்டே இருந்தது. அவர் ஃபோன் இன்னும் அவள் கையில் இருந்தது.

மலை இறங்கிப் பரிகம் தாண்டியதும்தான் அவர் சிம்முக்கு டவர் வந்தது. ஃபோன் அதிரத் தொடங்கியது.

‘தவறிய அழைப்புகள் 9.’

‘ஊசித்தட்டான் தன் ஒப்புதலை விலக்கிக்கொண்டார்.’

‘இது குயவக் குளவி இல்லை, கதண்டு. அந்தப் பக்கம் போகாதீர்கள்.’

‘சார் ஃபோன் எடுங்க.’

‘சார் பிள்ளைங்க வேண்டாம் சார்.’

சரத்குமாரின் உதடுகள் அசைந்தன. கண்கள் திறக்க முடியாமல் வீங்கியிருந்தன. அவள் காதை அருகே கொண்டுபோனாள்.

“இன்னா... சத்தம்?”

“நான் நேத்து அனுப்புனது, சார். இப்பதான் வருது.”

அவர் தலையை அசைத்தாற்போல் இருந்தது. வண்டி குலுங்கியதாகவும் இருக்கலாம். ஃபோன் இன்னொரு முறை அதிர்ந்தது. இது நேற்றையது இல்லை. இரண்டு நிமிடம் முன்பு வந்தது. தளத்துக்குப் புதிதாகச் சேர்ந்த யாரோ ஒருவர், பெயரோ முகமோ இல்லாதவர், சரத்குமாரின் முதல் படத்தைத் திறந்து பார்த்திருக்கிறார். மேலே சுப்புராயன் சார் சொன்னதைப் படித்திருக்கிறார். கீழே ஊசித்தட்டான் எழுதியதையும் படித்திருப்பார்.

‘ஒருவர் ஒப்புக்கொண்டுள்ளார்: குயவக் குளவி. உறுதி செய்யப்பட்டது.’

பட்டை பச்சையாக இருந்தது. கள்ளக்குறிச்சிக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல் இருந்தது. தனுஷா ஃபோனைக் கவிழ்த்து மடியில் வைத்துவிட்டு, அவர் மூச்சில் அடுத்த விசிலுக்காகக் காதை வைத்துக் காத்திருந்தாள்.